சாவியைக் கூவிச் சொன்ன மிஷின்

பிள்ளைகளே, அந்தத் தாளில் நான் கையெழுத்துப் போடவில்லை. போட்டிருந்தால் சூப்பர்வைசர் ஆகியிருப்பேன். ஓர் அக்காவின் வேலை போயிருக்கும். இதை நீங்கள் என் வாயால் துண்டு துண்டாகக் கேட்டிருக்கிறீர்கள், அதுவும் நான் கோபமாக இருக்கும்போது. இப்போது கோபமில்லாமல் எழுதப் பார்க்கிறேன். முடிகிறதா பார்ப்போம்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மாடியில் எங்கள் ஆபீஸ். கீழே ரொட்டி சானாய் கடை. லோரி கம்பெனி, காவலாளிகளை அனுப்பும் கம்பெனி, சின்னச் சின்னத் தொழிற்சாலை, இவர்களுடைய ஆட்களுக்குச் சம்பளக் கணக்குப் போட்டு வங்கிக்கு அனுப்புவதுதான் எங்கள் வேலை. கிள்ளானில் எங்களுக்கு ஒரு கிளை இருந்தது. அங்கே தயாராகும் கணக்கு டெலிபோன் லைனில் எங்கள் கம்ப்யூட்டருக்கு வரும். நாங்கள் அதைப் பூட்டி வங்கிக்கு அனுப்புவோம்.

பூட்டுவது என்றால் என்னவென்று சொல்கிறேன். டிரைவர் எவ்வளவு வாங்குகிறார், அவருடைய தவுக்கே, அதாவது முதலாளி, தன் சொந்தக்காரனுக்கு எவ்வளவு கொடுக்கிறார், எல்லாமே அந்தக் கம்பியில்தான் போகிறது. வழியில் யார் பார்த்தாலும் புரியாதபடி ஒரு புரோகிராம் அதைக் கலைத்துப் போட்டுவிடும். கலைத்ததைத் திரும்பச் சேர்க்க ஓர் எண் வேண்டும். அந்த எண்தான் சாவி. அது எங்களிடமும் வங்கியிடமும் மட்டும் இருக்கும். மாதா மாதம் மாறும்.

சாவியை ஒரே ஆள் கையில் கொடுக்க மாட்டார்கள். முன்பாதி நான்கு எண் எனக்கு, பின்பாதி நான்கு எண் அக்காவுக்கு. நான் பள்ளியில் மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவன். மாலை வகுப்பில் கம்ப்யூட்டர் ஓட்டக் கற்றுக்கொண்டு ஆப்பரேட்டர் ஆனவன். அக்கா எனக்கு முன்பே அங்கே இருந்தவர். கணவர் இல்லை. இரண்டு பெண்களைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தார். ஆபீஸில் எல்லாருக்கும் அவர் அக்காதான். வாய் கொஞ்சம் நீளம்.

நாங்கள் இருவரும் உள் அறையில் இருப்போம். வங்கியிலிருந்து ஆளுக்கோர் உறை வரும். படித்து மனதில் வைத்துக்கொண்டு அங்கேயே கிழித்துவிட வேண்டும். தினமும் மத்தியானம் பூட்டும் புரோகிராமைத் தொடங்கினால் அது சாவியைக் கேட்கும். நான் என் பாதியை அடிக்கும்போது அக்கா சுவரில் இருக்கும் முருகன் காலண்டரைப் பார்ப்பார். அவர் அடிக்கும்போது நான் ஜன்னல் பக்கம் போய் நின்று தெருவைப் பார்ப்பேன். திரையில் ஒரு புள்ளிகூட விழாது. ஒரு நாள் நான் ஏதோ யோசனையில் அப்படியே நின்றுவிட்டேன்.

"தம்பி, அடிச்சு முடிச்சாச்சு. ரோட்டுல அப்படி யாரைத்தான் பாக்குறீங்க? வீட்டுல சொல்லணுமா?" என்றார் அக்கா.

அவ்வளவு நாள் பக்கத்தில் இருந்தும் அவருடைய பாதி எனக்குத் தெரியாது. என்னுடையது அவருக்குத் தெரியாது. எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

பிறகு புது சிஸ்டம் வந்தது. வெளியிலிருந்து ஒரு புரோகிராமர் வந்து, தனித்தனியாக ஓடிக்கொண்டிருந்ததையெல்லாம் ஒன்றோடொன்று இணைத்தார். காலையில் நானும் அக்காவும் ஒரே ஒரு தடவை சாவியை அடித்துவிட்டால் போதும். கிள்ளான் கணக்கை வாங்கும் புரோகிராம் அதை வைத்துக்கொள்ளும். மத்தியானம் கணக்கு வந்து சேர்ந்ததும் அதுவே பூட்டும் புரோகிராமைக் கூப்பிட்டுச் சாவியையும் கையோடு கொடுத்துவிடும். இப்படி ஒரு புரோகிராம் இன்னொன்றுக்குக் கையோடு கொடுத்து அனுப்பும் விவரத்துக்குப் பாராமீட்டர் என்று பெயர். கீழே கடையில் ஆர்டர் எடுக்கிறவர் தேநீர் கலக்குகிறவரிடம், "தே ஒண்ணு, சீனி குறைச்சு!" என்பாரே, அதில் தே என்பது வேலை. சீனி குறைச்சு என்பது பாராமீட்டர்.

வேலை குறைந்ததில் எனக்கும் சந்தோஷம்தான். அந்தப் புரோகிராமர் மட்டும், "சாவி போற வழியை இன்னும் கொஞ்சம் சரி செய்யணும், டைம் கொடுங்க" என்று மேனேஜரிடம் கேட்டது என் காதில் விழுந்தது. மேனேஜர் கொடுக்கவில்லை. புரோகிராமர் அடுத்த வேலைக்குப் போய்விட்டார். எனக்கு அப்போது அதன் அர்த்தம் புரியவில்லை.

சில மாதம் கழித்து, தீபாவளி நெருங்கும் நேரம், கிள்ளானில் ஒரு லோரி கம்பெனியில் தகராறு. டிரைவர்கள் லோரியை எடுக்காமல் கேட்டுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். தவுக்கேயின் மச்சான், ஆபீசுக்கே வராதவர், எவ்வளவு சம்பளம் வாங்குகிறார் என்பது அவர்களுக்குத் தெரிந்துபோயிருந்தது. காசு வரைக்கும் சரியாகச் சொன்னார்களாம். தவுக்கே எங்கள் மேனேஜருக்குப் போன் போட்டுக் கிழித்துவிட்டார். மச்சான் மாதிரி ஆட்களின் சம்பளத்தைத் தவுக்கே கிள்ளானுக்குக் காட்டாமல் மேனேஜரிடமே கொடுப்பார்; அப்படியானால் பூட்டி அனுப்பிய கணக்கை யாரோ திறந்திருக்கிறார்கள். திறந்தது வங்கியில் இல்லையென்றால் சாவி எங்களிடமிருந்துதான் வெளியே போயிருக்க வேண்டும்.

மறுநாள் காலை மேனேஜர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். சீனர். கத்த மாட்டார். இங்கிலீஷும் மலாயும் கலந்து மெதுவாகப் பேசுவார். மேசையில் டைப் செய்த ஒரு தாள் இருந்தது.

"உன் பக்கத்துல உட்கார்றவளோட தம்பி அந்த லோரி கம்பெனியில டிரைவர். தெரியுமா?"

"தெரியும், பாஸ்."

"அப்புறம் என்ன. படிச்சுட்டு சைன் பண்ணு."

எனக்கு இங்கிலீஷ் மெதுவாகத்தான் ஏறும். ஆனால் ஏறும். அக்கா தன்னுடைய எண்ணை என் முன்னாலேயே வெளியாளிடம் சொன்னார், என்னுடைய எண்ணையும் கேட்டு வாங்கிக்கொண்டார் என்று என் பெயரில் எழுதியிருந்தது.

"இது நடக்கலையே, பாஸ்."

"யாரோ சொல்லியிருக்காங்க இல்ல? சாவி ரெண்டு பேருகிட்டதான் இருக்கு. ஒண்ணு நீ, ஒண்ணு அவ. நீ நல்ல ஆளு. சூப்பர்வைசர் இடம் காலியா இருக்கு. நாளைக்குள்ள சைன் பண்ணு."

சைன் பண்ணாவிட்டால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. ஒண்ணு நீ என்றாரே, அது போதாதா?

தாளை மேசையிலேயே விட்டுவிட்டுக் கீழே கடைக்குப் போனேன். தே வாங்கி வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தேன். கடைக்காரரைப் பாய் என்றுதான் கூப்பிடுவோம். ரொட்டி மாவை வீசிக்கொண்டே கேட்டார்.

"என்னண்ணே, மூஞ்சி இப்படி இருக்கு? உங்களுக்கும் போச்சா?"

"என்ன போச்சு, பாய்?"

"நம்பர்தான். உங்க ஆபீஸ் மிஷின் நம்பர். போன மாசம் ஆறுதல் பரிசு அடிச்சுச்சு. இந்த மாசம் ஒண்ணும் இல்ல லா. நான் முன்னாடி பாதியும் வாங்குனேன், பின்னாடி பாதியும் வாங்குனேன். ரெண்டும் வேஸ்ட்."

நம் ஊரில் நாலு நம்பர் லாட்டரிக்கு எங்கிருந்தெல்லாம் எண் எடுப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். மோதிய காரின் நம்பர், கனவில் வந்த வீட்டு நம்பர். நானும் சிரித்துக்கொண்டே, "எந்த நம்பரு பாய் வாங்குனீங்க?" என்று கேட்டேன்.

சொன்னார். என் கையிலிருந்த தே மேசையில் சிந்தியது.

அது என்னுடைய பாதி. உங்கள் அம்மாவிடம்கூட நான் சொல்லாதது. அந்த நான்கு எண்ணை இங்கேயும் எழுத மாட்டேன். அந்த வங்கி, அந்த மிஷின் எதுவும் இன்றைக்கு இல்லை. இருந்தாலும் எழுத மாட்டேன்.

"உங்களுக்கு யார் சொன்னது?"

"உங்க கிராணிங்கதான். மாசா மாசம் மிஷின் புது நம்பர் கொடுக்குதாமே? உங்களுக்குத் தெரியாதா, அண்ணே?"

மாடிக்கு ஓடினேன். வெளி ஹாலில் கிராணிகள், அதாவது குமாஸ்தாக்கள், வரிசையாகத் திரைகளுக்கு முன்னால் இருப்பார்கள். அவர்களில் மூத்தவர் ஒரு மலாய்க்கார அம்மா. காக் என்று கூப்பிடுவோம். மலாயில் அதுவும் அக்காதான். எங்களோடு பேசிப் பேசி நன்றாகத் தமிழ் பேசுவார். அவரிடம் கேட்டேன்.

"ஓ, அதுவா? கொஞ்சம் இரு, பன்னெண்டு மணிக்குக் காட்டுறேன்" என்றார்.

மத்தியானம் பூட்டும் வேலை ஓடும்போது எல்லாருடைய திரையும் மந்தமாகிவிடும். ஒன்றும் செய்ய முடியாது. அதனால் கிராணிகள் ஒரு பழக்கம் வைத்திருந்தார்கள். இரண்டே எழுத்து அடித்தால் இப்போது மிஷினில் என்னென்ன வேலை ஓடுகிறது என்று வரிசையாக வரும். பூட்டும் வேலையின் வரி அதில் இருக்கும்வரை உட்கார்ந்திருப்பார்கள். வரி மறைந்ததும் சாப்பிடக் கிளம்புவார்கள். அதுதான் அவர்களுக்கு மணி. நானும் அக்காவும் உள்ளே பெரிய திரையில் இருந்தோம். வேலை முடிந்தால் எங்களுக்குத் தானாகவே தெரிந்துவிடும். அந்த இரண்டு எழுத்தை நாங்கள் அடிக்க வேண்டி வந்ததே இல்லை.

காக் அடித்தார். வரி வந்தது. புரோகிராமின் பெயர், அதை ஒட்டினாற்போல் எட்டு எண்.

"இதோ பார். இது ஒரு நம்பர், இது ஒரு நம்பர்" என்று விரல் வைத்துக் காட்டினார். அது சாவி என்று அவருக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. சீனி குறைச்சு என்று கடை முழுக்கக் கேட்கிற மாதிரி, ஒரு புரோகிராம் இன்னொன்றுக்குச் சாவியைக் கொடுத்ததை ஆபீஸ் முழுக்கப் பார்த்திருக்கிறது. கிள்ளான் கிளையும் அதே மிஷினில்தான் வேலை செய்தது. அங்கே யாரோ ஒருவருக்கு மட்டும் அது என்ன எண் என்று புரிந்திருக்க வேண்டும். அது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டே போய்ப் பார்த்தார்.

"என் பொண்ணுங்களுக்குக்கூடச் சொல்லாத நம்பரு, தம்பி. பிரிக்பீல்ட்ஸே இதுல லாட்டரி வாங்கியிருக்கு. ஒருத்தராவது எனக்கு ஒரு வடை வாங்கிக் குடுத்தீங்களா?"

ஹாலே சிரித்தது. அவரும் சிரித்தார். உள் அறைக்குள் வந்ததும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்போதுதான் அந்தத் தாளைப் பற்றிச் சொன்னேன்.

"போட்டுட்டீங்களா?"

"இல்லக்கா."

"போடலைன்னா உங்களையும் சேர்த்து அனுப்பிடுவாங்க. உங்களுக்கும் பிள்ளைங்க இருக்கு."

"அனுப்பட்டும்கா."

வாய் சொல்லிவிட்டது. பெரியவன் அப்போதுதான் பள்ளியில் சேர்ந்திருந்தான்.

சாயங்காலம் மேனேஜரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். சொன்னால் புரிந்துகொள்வார், தாளைக் கிழித்துப் போடுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"கடைக்காரனுக்கு உன்னோட நம்பர் தெரியுமா? அப்ப நீயும்தானே சொல்லியிருக்கே."

"மிஷின் காட்டுது, பாஸ். வாங்க, நானே காட்டுறேன்."

"மிஷினைப் பத்திப் பேசாதே." முதல் தடவையாகக் குரல் உயர்ந்தது. "புது சிஸ்டம் நல்ல சிஸ்டம்னு எல்லாக் கம்பெனிக்கும் சொல்லியாச்சு. இப்ப சிஸ்டம் தப்புன்னு சொன்னா எல்லாரும் ஓடிருவாங்க. ஆளு தப்புன்னா ஆளை மாத்திட்டுப் போயிடலாம்."

எனக்குக் காது சூடாகிவிட்டது. அவர் நம்பாமல் பேசவில்லை. நம்பித்தான் பேசினார். உண்மை எதுவென்று தெரிந்தே அக்காவைத் தூக்கி வெளியே போடப் பார்த்தார்.

"நான் சைன் பண்ண மாட்டேன், பாஸ். நாளைக்குப் புதுச் சாவி. இந்த சிஸ்டத்துல என் பாதியை அடிக்கவும் மாட்டேன்."

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "நாளைக்குப் போறது தீபாவளிச் சம்பளம். நீ அடிக்கலைன்னா ஒருத்தனுக்கும் சம்பளம் இல்ல. கிள்ளானுக்குப் போய் அந்த டிரைவருங்ககிட்ட நீயே சொல்லு."

வீம்புக்கு நான் கையைக் கட்டிக்கொண்டால் பிள்ளைகளுக்குத் துணி வாங்க முடியாமல் நிற்கப்போவது அந்த டிரைவர்கள்தான், மேனேஜர் இல்லை. உள் அறைக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். அவர் பையை மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றார்.

"சம்பளத்தை நிறுத்தக் கூடாது, தம்பி. என் தம்பியும் அதுல ஒருத்தன்" என்றார். கதவு வரைக்கும் போய்த் திரும்பினார். "ஏன், பழையபடி நம்மளே அடிச்சா என்ன? பூட்டுற புரோகிராமை நேரா கூப்பிட்டா அது சாவி கேக்குமே. அந்த வழியை யாரும் அடைக்கலையே?"

அடைக்கவில்லை. சாவியைக் கொடுத்துக் கூப்பிட்டால் வாங்கிக்கொள்ளும். கொடுக்காமல் கூப்பிட்டால் கேட்கும். அது எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் காலையில் நாங்கள் இருவரும் புது சிஸ்டத்தைத் தொடவில்லை. மத்தியானம் கிள்ளான் கணக்கு வந்து சேர்ந்தது. மேனேஜரைக் கேட்காமல் பூட்டும் புரோகிராமை நானே கூப்பிட்டேன். அது சாவி கேட்டது. அக்கா முருகனைப் பார்த்தார், நான் அடித்தேன். நான் ஜன்னலுக்குப் போனேன், அக்கா அடித்தார். வேலை ஓடத் தொடங்கியது. அந்த நேரம் மேனேஜர் உள்ளே வந்தார்.

"யார் உங்களை இப்படிப் பண்ணச் சொன்னது?"

"யாரும் சொல்லல, பாஸ்."

"நிறுத்து!"

நான் நாற்காலியை விட்டு எழுந்து ஒதுங்கி நின்றேன். "இதுதான் நிறுத்துற பட்டன். நீங்க அமுக்குங்க, பாஸ். தீபாவளிச் சம்பளத்தை நிறுத்தினது நீங்கதான்னு கிள்ளான்ல நான் சொல்றேன்."

அவர் கை பட்டன் பக்கம் வரவில்லை.

அதே நேரம் ஹாலிலிருந்து காக்கின் குரல். "நொம்போர் தாக் அடா! இந்த மாசம் நம்பரே இல்ல!"

"பார்த்து அடி, காக். கண்ணாடியைப் போட்டுக்கோ" என்று யாரோ கத்தினார்கள்.

"போட்டுட்டுத்தான் பாக்குறேன்! வேலை ஓடுது, நம்பர் இல்ல!"

மேனேஜர் கதவைத் திறந்துகொண்டு ஹாலுக்குப் போனார். "என்ன நம்பர்?" என்றார். எல்லாரும் திரையைப் பார்த்தபடி குனிந்துகொண்டார்கள். ஆபீஸ் நேரத்தில் லாட்டரி பேசினால் என்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். காக் மட்டும் எழுந்து நின்றார். விஷயம் என்னவென்று முந்தின நாளே அக்கா அவரிடம் சொல்லியிருந்தார் போல.

"பாஸ், இந்த வேலை தினமும் நம்பரோட வரும். நான் பார்த்தேன். எல்லாரும் பார்த்தாங்க. நான் மாசா மாசம் அதுல லாட்டரி வாங்குனேன். அக்கா தாக் சாலா, பாஸ். அக்கா மேல தப்பு இல்ல. நீங்க எழுதுன அந்தத் தாள்ல எழுதணும்னா என் பேரையும் எழுதுங்க."

"என் பேரையும்" என்றது இன்னொரு குரல். அப்புறம் இன்னொன்று. ஒருவர், "நான் ஒரே ஒரு தடவைதான் வாங்குனேன், பாஸ்" என்றார். இவ்வளவு நெருக்கடியிலும் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள்.

மேனேஜர் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சம்பளம் வங்கிக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த வாரமே புரோகிராமரை மறுபடி கூப்பிட்டார்கள். சாவியைக் கையோடு கொடுத்து அனுப்புவதை அவர் எடுத்துவிட்டார். அந்த வரி வெறும் பெயரோடு ஓடியது. அக்கா வேலையில் இருந்தார். பெண்கள் இருவரும் படித்து முடிக்கும்வரை அதே நாற்காலியில் இருந்துவிட்டுத்தான் ஓய்வு பெற்றார்.

சூப்பர்வைசராக வெளியிலிருந்து ஒருவர் வந்தார். எனக்குக் கிள்ளான் கிளைக்கு மாற்றல். அதே ஆப்பரேட்டர் வேலை, அதே சம்பளம். கடிதத்தைக் கொடுக்க மேனேஜர் கூப்பிட்டார். அன்றைக்கு அவர் கோபமாக இல்லை. கொஞ்சம் சோர்ந்துபோன மாதிரிதான் இருந்தார்.

"ஒரு சைன். அவ்வளவுதான் கேட்டேன்" என்றார். "இப்ப யோசிச்சுப் பாரு. போட்டிருக்கலாம் இல்ல?"

"அந்தத் தாள் இன்னும் இருக்கா, பாஸ்?"

"ஏன்?"

"இருந்தா எடுங்க. இன்னொரு தடவை மாட்டேன்னு சொல்லிட்டுப் போறேன்."

அவர் எடுக்கவில்லை. மாற்றல் கடிதத்தை என் பக்கம் தள்ளினார். பெற்றுக்கொண்டதற்குக் கீழே கையெழுத்து வேண்டுமாம். நின்றபடியே முழுவதையும் மெதுவாகப் படித்தேன். என்னைக் கிள்ளானுக்கு மாற்றியிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தது. அது உண்மை. போட்டேன்.